புகைக்கூண்டு லயத்து மூணாவது அறை

தம்பி,

நான் நல்லா இருக்கேன், நீயும் மருமகளும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டுத்தான் எல்லாரும் கடுதாசி தொடங்குறாங்க. நான் நல்லா இல்ல. நீ எழுதினது வந்த நாள்லேருந்து எனக்கு சோறு எறங்கல. பொய்யில தொடங்க வேணாம்னு நேரா விஷயத்துக்கு வரேன். கோலாலம்பூருக்கே குடி போறீங்க, அங்க ஃபிளாட்டு வீடு சின்னது, மாடிப்படி ஏறணும், எனக்கு முட்டி வலி, குருண்ல இந்த வீட்டையும் வித்துடலாம்னு இருக்க. அதனால கரங்கான் பக்கத்துல நீ ரிப்பேர் வேலை எடுத்திருக்கற முதியோர் இல்லத்துலயே எனக்கு ஒரு அறை பேசி வச்சிருக்க. "வெள்ளைக்காரன் கட்டின பழைய கட்டடம்மா, பூராவும் செவப்புச் செங்கல்லு, உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். மேல இருக்கற புகைக்கூண்டையெல்லாம் இடிச்சு, கீழ அடுப்புப் பொந்தையும் அடைச்சிட்டா மழை ஒழுகாது. இந்த வெயில்ல எவன் குளிர் காயப் போறான், கிறுக்கு வெள்ளைக்காரன்லா"ன்னு சிரிச்சு வேற எழுதியிருக்க. படமும் போட்டு அனுப்பியிருக்க. படத்தப் பாத்ததும் நான் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டேன். அந்தக் கட்டடத்த எனக்குத் தெரியும்டா. உங்கப்பா சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் போய் செத்தாருன்னு மட்டுந்தானே உனக்குச் சொல்லியிருக்கேன். அவரை ஜப்பான்காரன் புடிச்சது அந்தக் கட்டடத்துல, நீ இடிக்கப் போற புகைக்கூண்டுல ஒண்ணுக்குள்ள வச்சுத்தான்.

மொதல்ல அந்தக் கட்டடத்தப் பத்திச் சொல்றேன். நீ கட்டட வேலைக்காரன், உனக்குப் புரியும். அது அப்ப எங்க எஸ்டேட்டு. பெரிய துரையோட அம்மா செத்துப்போன சேதி அவரு ஊர்லேருந்து வந்துச்சு. அந்த அம்மா பொறந்த ஊர்ல, எந்தக் காலத்துலயோ ஒரு கம்பளி யாவாரி, கடைசிக் காலத்துல புண்ணியம் தேடி, ஏழை கெழடு கட்டைங்க இருக்கறதுக்குன்னு ஒரு வீடு கட்டி வச்சானாம். ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு வாசல், ஆளுக்கு ஒரு குளிர் காயுற அடுப்பு. பதிலுக்கு அந்தக் கெழடுங்க தெனம் காலையில மணியடிச்சதும் எழுந்து போயி, செத்துப்போன பணக்காரனுக்காக ஜெபம் பண்ணணும். இதையெல்லாம் பங்களா சமையக்காரர் வந்து எங்ககிட்ட கதை கதையாச் சொல்லுவாரு. துரை அந்த வீட்டோட படத்த வரவழைச்சு, அம்மா பேருல அதே மாதிரி ஒண்ணு எங்க எஸ்டேட்டுல கட்டினாரு. "ப" எழுத்து மாதிரி மூணு பக்கமும் அறைங்க, நடுவுல புல்லுத் தரை, நாலாவது பக்கம் வளைவு வச்ச வாசல், வாசலுக்கு மேல கல்லுல அந்த அம்மா பேரு. நடு வரிசையில மணி தொங்கற குட்டி ஜெப அறை. கூரை செங்குத்தா இருக்கும். பனி விழுந்தா வழுக்கிக்கிட்டுக் கீழ போறதுக்காம். நம்ம கெடா சீமையில பனி! ஜன்னல் ஒடுக்கமா, மேல கூரா இருக்கும், காத்து வராது. அங்க குளிருக்கு அடைச்சு வச்சாங்க, இங்க வெயிலுக்கு வெந்து செத்தாங்க. ஒவ்வொரு அறையிலயும் ஒரு ஆள் குனிஞ்சு நுழையற அளவுக்கு அடுப்பு, அதுக்கு மேல கூரையத் தாண்டி நிக்கற புகைக்கூண்டு. அதனாலதான், எங்க தொழிலாளி வரிசை வீட்ட லயம்னு சொல்ற மாதிரி, அதுக்குப் புகைக்கூண்டு லயம்னு பேரு வச்சோம்.

வாசப்படி கதவெல்லாம் ரொம்பக் குட்டை, பாத்திருப்பியே. தச்சன் அளவு தப்பா எடுத்துட்டான்னு நாங்க நெனைச்சோம். இல்லையாம், அந்த ஊருல அப்படித்தானாம். தர்மத்துக்கு இருக்கறவன் குனிஞ்சுதான் உள்ள போகணுமாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. காலமெல்லாம் குனிஞ்சு பால் வெட்டின ஜனம்டா அது! கித்தா மரத்தடியில ரப்பர் பால் வடியற மங்கு வைக்கறதுக்குக் குனிஞ்சு, பால் வாளி தூக்கறதுக்குக் குனிஞ்சு, முதுகு நிமிராமப் போனவங்களுக்குக் கடைசியா ஒரு குட்டைக் கதவு. பசுவைக் கொன்னு செருப்பு தானம் பண்ணின கதைதான். அந்த அறை கூட எல்லாருக்கும் கெடைக்காது. தண்ணி போடக் கூடாது, சண்டை போட்டிருக்கக் கூடாது, புள்ளகுட்டி இருக்கக் கூடாது. கேட்டுக்க, புள்ள இல்லாதவங்களுக்குத்தான் அந்த எடம். புள்ள இருந்து அங்க குடி போற மொத ஆளு நான்தான்.

ஆனா நம்ம ஜனம் சும்மா இருக்குமா? அந்த அடுப்ப என்ன பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியல. சமைக்கறதுக்குப் பின்னால பொதுக் குசினி இருந்துச்சு, குளிரு காயக் குளிரு இல்ல. சொவத்துல பொந்து மாதிரி இருக்கு, தரையிலேருந்து ஒரு படி ஒசரம், மேல வளைவு. பாத்தாங்க, இது சாமி மாடந்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. குடி வந்த மொத வாரமே ஒவ்வொரு அடுப்புலயும் ஒரு சாமி ஏறிடுச்சு. ஒரு அறையில முருகன், ஒரு அறையில முனியாண்டிக்கு ஒரு கல்லு. துரை வந்து பாத்துட்டு மொகத்தச் சுளிச்சாரு, பெறகு விட்டுட்டாரு. அதனால உனக்கு ஒண்ணு சொல்லி வைக்கறேன். நீ அடுத்தவங்க இருக்கறதுக்கு வீடு கட்டுற தொழில்ல இருக்க. எவங்க அதுல இருக்கப் போறாங்களோ அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டு. கேக்காமக் கட்டினா அவங்க அத வேற ஒண்ணாத்தான் ஆக்கிக்குவாங்க. கேக்காம இடிக்கறதுக்கும் அதே நியாயந்தான்.

நான் அங்க கூட்டிப் பெருக்கி சமைச்சுப் போடற வேலை பாத்தேன். உங்கப்பா பால் வெட்டு. இடது பக்கம் மூணாவது அறையில பெருமாள் தாத்தா இருந்தாரு. கப்பல்ல வந்தப்ப கொண்டு வந்த கண்ணாடி போட்ட மாரியம்மன் படம் ஒண்ணுதான் அவரு சொத்து. உங்கப்பாவுக்கு அவரு மேல அம்புட்டுப் பிரியம், சொந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை முடிஞ்சா நேரா அங்க வந்து, ஆத்தாளுக்கு விளக்கேத்தி, தாத்தாவோட பேசிக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அந்தப் புகைக்கூண்டு ஒவ்வொண்ணும் உள்ளங்கை மாதிரி. வருசா வருசம் வவ்வாலும் குருவிக் கூடும் அடைச்சுக்கும், மேலேருந்து எச்சம் சாமி மேல கொட்டும், நாந்தான் சாமிய எறக்கி வச்சிட்டு உள்ள ஏறிச் சுத்தம் பண்ணுவேன். உள்ளுக்குள்ள ஏறறதுக்குச் செங்கல்லு நீட்டி நீட்டி விட்டிருப்பாங்க. ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல போனா, ஒரு தட்டு மாதிரி இருக்கும். குந்தலாம், நிக்கலாம். கீழேருந்து பாத்தா தெரியாது.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். துரை காருல மூட்ட முடிச்சோட கெளம்பினாரு. முன் சீட்டுல அவரு நாய் உக்காந்துக்கிட்டுப் போச்சு. வருசக் கணக்கா அவருக்குப் பால் வெட்டிக் கொட்டின ஜனம் கார் போற சடக்கு ஓரத்துல நின்னு பாத்துச்சு. தர்ம வீட்டுக் கெழடுங்களுக்கு அரிசி யாரு குடுப்பான்னு கேக்க ஆளில்ல. மரவள்ளிக்கெழங்க அவிச்சு, அதே தண்ணியில உப்பப் போட்டுக் குடிச்சோம். கட்டத் துணி இல்லாம கோணிச் சாக்கத் தச்சுப் போட்டுக்கிட்டோம். இதெல்லாம் நீ கேட்டது, எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், "அதெல்லாம் பழைய கதைலாம்மா"ன்னு நீயும் எழுந்து போயிருக்க. அடுத்து ஜப்பான்காரன் சயாம்ல ரயில் ரோடு போட ஆள் கேட்டான். கொஞ்ச மாசந்தான், நல்ல சம்பளம், அரிசி உண்டுன்னு சொல்லி மொத தடவை கூட்டிக்கிட்டுப் போனான். நம்பிப் போனவங்க ஒருத்தரும் திரும்பல. ரெண்டாவது தடவை கேக்கறதெல்லாம் கெடையாது. காலையில பேரு கூப்புடற பெரட்டுக் களத்துல லாரி வந்து நிக்கும், கங்காணி ஆள் காட்டணும், லாரி நிறையணும். நிறையலன்னா கங்காணியோட சொந்தத் தம்பியே ஏறணும்னு சொல்லிட்டாங்க. இப்ப புரியுதா, அவன் எந்த வெறியில தேடியிருப்பான்னு?

லாரி வரப் போகுதுன்னு காதுல விழுந்ததும் நாந்தான் யோசனை சொன்னேன். கெழடுங்க இருக்கற எடத்துல எவனும் ஆள் தேட மாட்டான், புகைக்கூண்டுல ஏறிக்கங்கன்னேன். உங்கப்பாவும் சரின்னாரு. தாத்தாவும் சரின்னாரு. அறைக்குள்ள வந்து, அடுப்புகிட்டக் குனிஞ்ச உங்கப்பா அப்படியே நின்னுட்டாரு. "ஆத்தா இருக்காளே"ன்னாரு. இருந்தா என்னன்னேன். "அவ தலைக்கு மேல கால வச்சு நிக்கச் சொல்றியா புள்ள?"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "உசுரு போற நேரத்துல சாத்திரமா பாக்கறீங்க? அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா, ஏறுங்க"ன்னு தள்ளினேன். மாட்டேன்னுட்டாரு. "நீயே வருசா வருசம் சாமிய எறக்கி வச்சிட்டுத்தானே ஏறற, இப்ப உனக்கு என்ன வாயி"ன்னு கேட்டாரு. தாத்தாவும் அவரு பக்கம் சேந்துக்கிட்டு, "அவரு சொல்றது நியாயந்தான் தாயி, சாமிய மிதிச்ச காலோட அவரு நல்லா இருப்பாரா"ன்னு சொல்லிக்கிட்டே படத்த ரெண்டு கையாலயும் எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த தகரப் பொட்டி மேல வச்சாரு. உங்கப்பா அவளத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு மேல ஏறினாரு. எல்லாரும் திருப்தியாயிட்டாங்க, நான் மட்டும் வாய்க்குள்ள திட்டிக்கிட்டு நின்னேன்.

வெயிலு ஏறின நேரத்துல வந்தாங்க. ஒரு ஜப்பான் சோல்ஜர், கூட நம்ம கங்காணி. நாங்க எல்லாரும் இடுப்பு வளைய வணக்கம் போட்டோம், போடலன்னா கன்னத்துல அறை விழும். சோல்ஜரு உயரமே இல்ல, அந்தக் குட்டைக் கதவுல நிமிந்தபடியே நுழைஞ்சான், அதுவும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கண்ணுல நிக்குது. கட்டிலுக்கு அடியில துப்பாக்கிக் கட்டையால குத்திப் பாத்தான். அடுப்பையும் பாத்தான். அவனுக்கு அது வெறும் பொந்து. வெளிய போயிட்டான். கங்காணியும் போயிருப்பான். ஆனா நம்மாளு ஆச்சே, சாமி இருக்கற அறையில கும்புடாமப் போவானா? செருப்ப வாசல்லயே விட்டுட்டுத்தான் வந்திருந்தான். கையக் கூப்பி அடுப்புப் பக்கம் திரும்பினான். அங்க எண்ணெய்க் கறையும் குங்குமமும் இருக்கு, ஆத்தா இல்ல. கண்ணு அப்படியே சுத்தி வந்து பொட்டி மேல நின்னுச்சு. "ஏன் தாத்தா, ஆத்தாள ஏன் எறக்கி வச்சிருக்கீங்க?"ன்னு மெதுவாக் கேட்டான்.

தாத்தா ஆத்தாளையே பாத்தாரு. ஆத்தா முன்னால அவரு பொய் சொல்ல மாட்டாரு. கங்காணி என் பக்கம் திரும்பினான். உக்கார வச்ச சாமிய நம்ம ஜனம் தீட்டுன்னாத்தான் தொடாம ஒதுங்கும், இல்ல தள்ளி வைக்கும். எனக்கு வாயில வந்தத சொன்னேன். "நாந்தான் அண்ணே, வீட்டுக்குத் தூரம். தாத்தாவுக்கு முடியல, கூட்டறதுக்கு வந்தேன், அதான் தள்ளி வைக்கச் சொன்னேன்"ன்னேன். அவன் என் மொகத்தப் பாத்தான், கோணிச் சாக்கு போட்ட வயித்தப் பாத்தான். "போன வாரந்தானே எங்க வீட்டுல வந்து புளி கேட்ட? மசக்கைன்னு எம் பொஞ்சாதி சொன்னாளே"ன்னான். தம்பி, நீ அப்ப என் வயித்துல. நாலு பேருக்குக் கூடத் தெரியாது, புளிக்கு ஆசைப்பட்டு, உங்கப்பாவத் தவிர அவன் பொஞ்சாதிகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன். இத்தனை வருசமா நான் இதை ஏன் உன்கிட்டச் சொல்லலன்னு இப்பத் தெரியுதா? உன் மேல என்னடா தப்பு, நீ ஒரு விரக்கடை இருந்திருப்ப. ஆனா சொன்னா நீ சுமப்ப. அதான் சொல்லல. இப்ப நீ என்னையே எறக்கி வைக்கறன்னு ஆனப்புறம், கொஞ்சம் நீயும் சுமந்து பாரேன்னு தோணிடுச்சு. பெத்தவ இப்படி எழுதலாமான்னு மருமக கேப்பா. எழுதலாம்னு சொல்லு.

சாவு தீட்டுன்னு சொல்லியிருக்கலாம். ஊருல தாத்தாவுக்குப் பங்காளி செத்துட்டான்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஆணி ஆடுது, கண்ணாடி விரிஞ்சிருக்கு, வவ்வால் எச்சம் கொட்டுது, எம்புட்டு இருக்கு! துணி தொவைக்கறப்ப, பஸ்ஸுக்கு நிக்கறப்ப, உனக்குப் பால் குடுக்கறப்ப, ஒண்ணொண்ணா நல்ல பொய்யா வந்து நிக்கும். வேணுங்கற நேரத்துல வந்தது அது ஒண்ணுதான்.

ஆத்தாள எதுக்கு எறக்கினோம்னு புரிஞ்சு போயி, கங்காணி அடுப்புகிட்டக் குனிஞ்சு, "கீழ எறங்கிடுப்பா, நெருப்பு வைக்கச் சொல்லிடுவான்"ன்னான். அவன் சத்தம் கூடப் போடல, கெஞ்சற மாதிரிதான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கத்தியிருந்தா ஜப்பான்காரனுக்குப் பொறந்தவன்னு திட்டிட்டு விட்டிருப்பேன். கட்டின நாள்லேருந்து ஒரு குச்சி நெருப்புப் பாக்காத அடுப்பு அது. உங்கப்பா எறங்கி வந்தாரு. தலையெல்லாம் பாசியும் வவ்வால் புழுக்கையும். வந்தவரு என்னப் பாக்கல, மொதல்ல பொட்டிகிட்டப் போயி ஆத்தாளத் தொட்டுக் கும்புட்டாரு. அதுக்குள்ள சோல்ஜரு கத்திக்கிட்டு உள்ள வந்து, அவரு கழுத்தப் புடிச்சான். தாத்தாவுக்குக் கன்னத்துல ஒரு அறை. வாசல்ல குனியும்போது உங்கப்பா திரும்பினாரு. "ஆத்தாள எடுத்து அவ எடத்துல வை, புள்ள"ன்னாரு. அம்புட்டுத்தான். பத்திரமா இருன்னு இல்ல, வயித்துப் புள்ளய பாத்துக்கன்னு இல்ல. சாமிய எடத்துல வைக்கச் சொன்ன மனுசன், அதே லாரியில போயிட்டாரு. கங்காணியோட தம்பி வீட்டுல தங்கினான்.

நான் வைக்கல. பொட்டி மேல உக்காந்து எல்லாத்தையும் வேடிக்கை பாத்தவளுக்கு என்னடி எடம்னு கேட்டேன், வாய் விட்டே கேட்டேன். தாத்தாவும் வைக்கல. அவரு எறக்கின கையப் பாத்துப் பாத்தே உருகிப் போயி, நீ பொறக்கறதுக்குள்ள கண்ண மூடிட்டாரு. சாகறதுக்கு முந்தி படத்த என்கிட்டக் குடுத்தாரு. மத்தக் கெழடுங்கள ஜப்பான்காரன் வெளியேத்திட்டு, கட்டடத்துல கெழங்கு மாவு மூட்டை அடுக்கினான். அவங்க எங்க போனாங்கன்னு யாரும் கேக்கல. கங்காணி நல்லா வாழ்ந்து, மேளம் அடிச்சு, பூப்பல்லக்குல போனான். உங்கப்பாவுக்குப் பொணமும் இல்ல, போட்டோவும் இல்ல. மூக்கு உன் மூக்கு மாதிரி இருக்கும்னு சொல்லியிருக்கேன். உண்மையச் சொன்னா, எனக்கே இப்ப மொகம் சரியா வரல.

கல்யாணமாகி வந்த புதுசுல மருமக என் தகரப் பொட்டியத் தொறந்துட்டு, "என்னத்தே, மாரியம்மன் படத்தத் துணியில சுத்திக் குப்புறப் போட்டு வச்சிருக்கீங்க, சாமி அறையில மாட்டட்டுமா"ன்னு கேட்டா. நான் வெடுக்குன்னு புடுங்கி, என்னென்னவோ பேசிட்டேன். அன்னிக்கு ராத்திரி நீங்க ரெண்டு பேரும் சாப்புடல. கெழவிக்குத் திமிருன்னு அவ நெனைச்சிருப்பா. நெனைக்கட்டும். ஆனா அவ நல்ல மனசோடதான் கேட்டா, அத நான் சொல்லலன்னா நல்லா இருக்காது. நீயும் வேலைக்காக அவளோட போ, தப்பில்ல. அம்மாவ விட்டுட்டுப் போறோமேன்னு அவள ஏசாத. நான் அவள ஏசினதே போதும்.

சரி. நான் அங்க போறேன். உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. நீ விக்கற வீட்டுல குந்தறதுக்கு எனக்கு எடம் இல்ல, அதான். எல்லாரும் பாக்க வாசலுக்கு நேரா இருக்கற நடு வரிசை அறையப் பேசி வச்சிருக்கியாம், அது எனக்கு வேணாம். எடது பக்கம் மூணாவது. மத்தக் கூண்டெல்லாம் இடிச்சுக்க, அடைச்சுக்க, உன் இஷ்டம். அந்த ஒண்ணத் தொடாத. ஒழுகினா என் தலையிலதானே ஒழுகும். இடிக்க வர்ற ஆளுங்க வர்றதுக்கு முந்தி நீ ஒரு தடவை அந்த அடுப்புக்குள்ள தலைய விட்டு மேல பாரு. ஒண்ணும் இருக்காது, செங்கல்லும் இருட்டுந்தான். உங்கப்பா நின்ன தட்டு அது. இந்த மண்ணுல அவரு இருந்ததுக்கு வேற அடையாளம் இல்ல.

நான் ஒரே ஒரு பொட்டியோடதான் வருவேன். நீயே வந்து கொண்டு போய் விடு, ஆள அனுப்பாத. அந்தக் குட்டைக் கதவுல எனக்கு முன்னால நீ குனிஞ்சு போ. உன் கையாலயே படத்த எடுத்து, துணியப் பிரிச்சு, அந்த அடுப்புல வை. உங்கப்பா சொல்லிட்டுப் போன வேலை, நான் கோவத்துல செய்யாம விட்டது. இப்ப வைக்கலாம். அவ தலைக்கு மேல கால் வச்சு நிக்க இனிமே அங்க யாரும் இல்ல.

உன்னைப் பெத்தவ